சண்டை இலவசம், பேச்சுக்குத்தான் உழைப்பு

கணினி விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் தாங்களே உருவாக்கி இலவசமாகத் தரும் ஃபேன்டஸி சாகசங்களை விளையாடுபவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. "கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அறைக்கு அறை சண்டை, ரோல்பிளே செய்ய, பாத்திரமாகவே வாழ்ந்து ஆட, இடமே இல்லை" என்பது ஒரு தரப்பு. "பேசிப் பேசியே பொழுது போய்விட்டது, வாளை உருவ வாய்ப்பே வரவில்லை" என்பது மறு தரப்பு. அவரவர் ரசனை என்று சொல்லி இதைக் கடந்துபோவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சாகசத்தில் சண்டை எவ்வளவு, ரோல்பிளே எவ்வளவு என்பதில் உருவாக்குபவரின் ரசனைக்குப் பங்கு குறைவு. அவர் கையிலுள்ள கருவி எதை இலவசமாகத் தருகிறது, எதற்குக் கூலி கேட்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது.

ரோல்பிளே என்று நான் சொல்வது நீள நீளமான வசனங்களை அல்ல. எந்தப் பதிலைத் தேர்ந்தாலும் கடைசியில் அதே கதவுதான் திறக்கிறது என்றால் நாம் செய்தது வாசிப்பு. என் இடத்தில் வேறொரு பாத்திரம் இருந்திருந்தால் நடந்ததே மாறியிருக்கும் என்றால்தான் அது ரோல்பிளே. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல சண்டை ரோல்பிளே ஆகிவிடும், அரைமணி நேர உரையாடல் ஆகாமலும் போகும்.

இந்தச் சாய்வு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1980 வாக்கில் ஆப்பிள் 2 கணினிக்கு டொனால்ட் பிரவுன் எழுதிய 'ஈமன்' எழுத்து வடிவ விளையாட்டு. அதற்கு யார் வேண்டுமானாலும் பேசிக் (BASIC) என்ற நிரல் மொழியில் புதிய சாகசம் எழுதிச் சேர்க்கலாம். அப்படி இருநூற்றுக்கும் மேற்பட்டவை வந்தன. ஒரே பாத்திரத்தை ஒரு சாகசத்திலிருந்து அடுத்ததற்குக் கூட்டிப்போகலாம். பாத்திரத்துக்கு இருந்தவை மூன்றே குணங்கள்: உடல்வலு, சுறுசுறுப்பு, வசீகரம். எதிர்ப்படுபவர் வாளோடு பாய்வாரா, நண்பராகக் கூட வருவாரா என்பதில் வசீகரத்துக்குப் பங்கு இருந்தது. அவ்வளவு பழைய, அவ்வளவு சிறிய விளையாட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் கூட வந்த நண்பர் பெரும்பாலும் என்ன செய்தார்? நம் பக்கம் நின்று சண்டை போட்டார். நட்பின் பலனும் சண்டைக்கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டது.

1984இல் 'அட்வெஞ்சர் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்', 1991இல் 'தி பார்ட்ஸ் டேல் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்' என்று சாகசம் கட்டும் கருவிகளே தனிப் பொருளாக விற்பனைக்கு வந்தன. 1993இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்: அன்லிமிடெட் அட்வெஞ்சர்ஸ்' இவற்றில் நீண்ட ஆயுள் கொண்டது. மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகளில் ஓடிய 'கோல்ட் பாக்ஸ்' வரிசை கணினி விளையாட்டுகளின் எஞ்சினை, அதாவது அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருளை, அப்படியே ரசிகர்கள் கையில் கொடுத்தது அது. அந்த எஞ்சினின் உயிர், கட்டம் கட்டமாக நகர்ந்து முறை வைத்து அடிக்கும் சண்டை. அதில் எத்தனை நுணுக்கம்! பேச்சுக்கு இருந்ததோ ஒரு பத்தி எழுத்து, ஆம்-இல்லை கேள்வி, சில தேர்வுகள். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அரசவைச் சதியைப் பற்றிச் சாகசம் எழுத நினைத்தவர், தச்சுப்பட்டறையில் உட்கார்ந்து துணி தைக்க முயன்றவர் போலத்தான். அப்படியும் தைத்தவர்கள் இருந்தார்கள்.

எல்லாம் மாறப்போகிறது என்ற நம்பிக்கை வந்தது 2002 ஜூனில். பயோவேர் நிறுவனத்தின் 'நெவர்வின்டர் நைட்ஸ்' வெளியானபோது, அதோடு அரோரா டூல்செட்டும் சேர்ந்தே வந்தது. நிறுவனம் தன் கதையைக் கட்டப் பயன்படுத்திய வகைக் கருவியே வாங்கியவர் எல்லோருக்கும் கிடைத்தது. வரைபடம் உண்டு, சிறு நிரல்கள் எழுத ஸ்கிரிப்ட் மொழி உண்டு, கிளை கிளையாக விரியும் உரையாடலை எழுத ஒரு தனி எடிட்டர் உண்டு. மாட்யூல் என்று அழைக்கப்படும் ரசிகர் சாகசங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, இன்றும் வருகின்றன. பேச்சுக்கு முதன்முறையாக முறையான பணிமேடை கிடைத்தது. ஆனாலும் சராசரி மாட்யூல் சண்டை மாட்யூலாகவே இருந்தது.

ஏன் என்று புரிய, டூல்செட்டைத் திறந்து ஒரே காட்சியை இரண்டு விதமாகக் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பாலம், அதைக் கடக்க வேண்டும், இவ்வளவுதான் காட்சி.

முதலில் சண்டை. பாலத்தின் முன்னால் தரையில் மவுஸால் ஒரு பலகோணம் வரைகிறேன். அது 'என்கவுன்டர்' வகை, அதாவது உள்ளே கால் வைத்ததும் எதிரிகள் தோன்றும் இடம். பட்டியலிலிருந்து காப்ளின் என்ற குட்டிப் பூதங்களையும் அவர்கள் தலைவனையும் சேர்க்கிறேன், கடினம் எவ்வளவு என்று தேர்கிறேன், முடிந்தது. வருபவரின் லெவலைப் பார்த்து எத்தனை பேரை இறக்குவது என்பதை எஞ்சினே கணக்கிடும். அவர்கள் 'ஹாஸ்டைல்' என்ற அணியில் பிறப்பதால், பார்த்த மாத்திரத்தில் தாக்குவார்கள். எந்த ஆயுதம், எப்போது மருந்து என்பதையெல்லாம் விளையாட்டோடு வரும் ஸ்கிரிப்ட்களே கவனிக்கும். அசைவு, ஓசை, ரத்தம், எக்ஸ்பி எனும் அனுபவப் புள்ளி, கீழே விழும் பொருள் எல்லாம் தயார். நான் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை.

இப்போது பேச்சு. பாலத்தில் ஒரு காவலாளியை நிறுத்துகிறேன். அவர் இயல்பாகச் செய்வது ஒன்றுதான்: நிற்பார். சுங்கம் கேட்க வைக்க வேண்டுமானால் நான் எழுத வேண்டும். பணம் கொடுப்பது, நயமாகப் பேசி விடுவித்துக்கொள்வது, ஊர்த் தலைவரின் ஆள் என்று பொய் சொல்வது என மூன்று வழிகள் வைக்கிறேன். அடுத்த முறை வரும்போது அவர் முதல் தடவை பார்ப்பதுபோல அதே வாசகத்தைச் சொன்னால் கதை செத்துவிடும். ஆகவே முதல் சந்திப்பு, பணம் கொடுத்தவர், பொய் சொன்னவர் என்று தனித்தனி வரவேற்பு. ஒவ்வொன்றின் தலையிலும் "இந்த வரி எப்போது தோன்ற வேண்டும்" என்று ஒரு நிபந்தனை ஸ்கிரிப்ட். இதற்கிடையில் ஊருக்குள் அந்தத் தலைவரை நாயகர் கொன்றிருந்தால்? அதற்கு நான்காவது வரவேற்பு. நாயகரின் அறிவுத்திறன் மிகக் குறைவென்றால் அவர் பேச்சே வேறுமாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தால், நாயகர் வாயில் வரும் வரிகள் அத்தனைக்கும் இரண்டாவது பதிப்பு. அந்தச் சோதனைக்கான வசதியும் டூல்செட்டில் இருக்கிறது, வரிகள்தான் இல்லை.

காப்ளின் சண்டை சில நிமிடங்களில் பிறந்து, விளையாடுபவருக்குச் சில நிமிட விளையாட்டைத் தருகிறது. மந்திரவாதிக்கு ஒரு விதமாகவும் வீரனுக்கு வேறு விதமாகவும், நான் எதுவும் செய்யாமலே. காவலாளியின் பேச்சு ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிட்டு இரண்டு நிமிடத்தில் முடிகிறது. நான் எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஆட்டத்தில் யார் கண்ணிலும் படாது. சம்பளமில்லாமல், வேலை முடித்து வந்த இரவுகளில் சாகசம் கட்டுபவர் எந்தப் பக்கம் சாய்வார்? சண்டைப்பிரியர்கள் என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

உழைத்து எழுதிய பேச்சும் பல சமயம் சப்பென்று போவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அது பகடை. நெவர்வின்டர் நைட்ஸ் பின்பற்றும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு விதியில், இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு உங்கள் திறமையைக் கூட்டி, வைத்திருக்கும் இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நயமாகப் பேசும் திறமை 8, இலக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 45 வாய்ப்பு. ஒரே ஒரு உருட்டல், அதோடு முடிந்தது. தோற்றவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்: சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி மறுபடி கேட்பார். சண்டையிலும் இதே பகடைதான். ஆனால் அங்கே பத்து இருபது முறை உருள்கிறது, ஒவ்வொரு உருட்டலுக்கும் நடுவில் முடிவெடுக்க இடம் இருக்கிறது. பின்வாங்கலாம், மருந்து குடிக்கலாம், கதவை மூடலாம், ஒரு மந்திரத்தைக் கடைசிவரை கையிருப்பில் வைக்கலாம். அதிர்ஷ்டம் சராசரியாகி, திறமை மேலே வருகிறது. பேச்சில் இந்த நடு இடம் இல்லாமல் போனதுதான் கோளாறு. போதாக்குறைக்கு "[நயப்பேச்சு]" என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத் தொடங்கும் வரியைப் பார்த்தவுடன், இதுதான் சரியான பதில் என்று விளையாடுபவருக்குத் தெரிந்துவிடுகிறது. என்ன சொல்கிறோம் என்று யாரும் படிப்பதுகூட இல்லை.

நன்றாக எழுதும் மாட்யூல் ஆசிரியர்கள் இதை உடைக்கும் விதம் அழகு. பேச்சையும் சண்டைபோலப் பல படிகளாகப் பிரிக்கிறார்கள். காவலாளியின் தம்பி சிறையில் இருக்கிறான் என்ற செய்தியை ஊரில் கேட்டு வந்தவருக்கு மட்டும் ஒரு வரி திறக்கும். அந்த வரியை மிரட்டலாகவும் சொல்லலாம், ஆறுதலாகவும் சொல்லலாம். பகடை உருண்டாலும், தோல்வி கதவை அடைப்பதில்லை. காவலாளி சந்தேகப்பட்டு ஆளைப் பின்தொடர விடுகிறார், கதை வேறு பாதையில் போகிறது. தோற்றாலும் சுவாரசியம் இருக்கும் என்று தெரிந்தால் யாரும் பழைய சேவுக்கு ஓடுவதில்லை.

அடுத்தது எக்ஸ்பி. இந்த விவாதத்தில் குறைவாகப் பேசப்படுவதும் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பதும் இதுதான் என்பது என் எண்ணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது, அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு கொன்ற பூதங்களால் வரவில்லை. பத்திரமாக வெளியே கொண்டுவந்த புதையலின் பொன் மதிப்பால் வந்தது. எனவே பூதத்தை ஏமாற்றிவிட்டுப் பெட்டியைத் தூக்கி வருவதுதான் கெட்டிக்காரத்தனம், நேருக்கு நேர் மோதுவது கடைசி வழி. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாகச் சுருங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, எதிரியின் சவால் அளவை வைத்துப் புள்ளி தரும் கணக்கை மையத்தில் வைத்தது. மேசையில் ஆடும்போது, எதிரியைத் தந்திரமாகக் கடந்தாலும் வெற்றிதான் என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் புள்ளி கொடுத்துவிடுவார். கணினிக்கு அந்தப் பெருந்தன்மை தெரியாது. எதிரியின் உயிர் போனது என்பது மட்டுமே அதற்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

விளைவு விசித்திரமானது. காவலாளியிடம் நயமாகப் பேசி அதற்கான எக்ஸ்பியை வாங்கிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து அவரைக் கொன்று அந்த எக்ஸ்பியையும் கவசத்தையும் எடுத்துப்போகும் நாயகர்களை மாட்யூல் உலகம் நன்றாக அறியும். அது விளையாடுபவரின் கெட்ட குணம் அல்ல. விதி காட்டிய வழியில் அவர் நடக்கிறார். நெவர்வின்டர் நைட்ஸில் இதற்கு மருந்தும் இருக்கிறது. மாட்யூல் முழுவதற்கும் கொலைக்கான எக்ஸ்பியை ஏற்றி இறக்க ஒரு அளவுகோல் உண்டு. ஸ்கிரிப்டில் ஒரே வரியில் நாம் விரும்பிய புள்ளியைக் கொடுக்கவும் முடியும். கொலைக்கான அளவைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட்டு, "பாலத்தைக் கடந்தாய், இந்தா" என்று எப்படிக் கடந்தாலும் ஒரே தொகை கொடுத்தால் போதும், ஆட்டத்தின் குணமே மாறிவிடும். இருப்பதிலேயே குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தரும் மாற்றம் இதுவே. இவ்வளவு எளிதான ஒன்றைப் பலரும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நாயகர் யார் என்பதும் ஆசிரியருக்குத் தெரியாது. ஈமன் காலத்து வழக்கம் இங்கும் தொடர்கிறது: விளையாடுபவர் தன் சொந்தப் பாத்திரத்தோடு வருவார். அடிப்படை விளையாட்டிலேயே பூசாரி, மந்திரவாதி என 11 வகுப்புகள். வருபவர் இரக்கமுள்ள பூசாரியா, கூலிக்குக் கொல்பவரா, லெவல் 3ஆ, 8ஆ? சண்டை இந்தக் குழப்பத்தை எஞ்சினிடம் ஒப்படைத்துவிடும், வசனத்தால் முடியாது. அதனால்தான் பல மாட்யூல்களில் நாயகர் பேசும் வரிகள் "சரி, செய்கிறேன்", "எவ்வளவு தருவீர்கள்?", "எனக்கு விருப்பமில்லை" என்று முகமில்லாமல் இருக்கின்றன. சில ஆசிரியர்கள் துணிந்து, நீ இன்னார், உனக்கு இப்படி ஒரு கடந்தகாலம் என்று விதித்துவிடுகிறார்கள். 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற வணிக விளையாட்டு பெயரற்ற ஒரே நாயகனை வைத்துக்கொண்டு எவ்வளவு ஆழமாகப் போக முடியும் என்று காட்டிய பிறகு, இந்தத் துணிச்சல் பலருக்கு வந்தது. சுதந்திரம் கொஞ்சம் குறைகிறது, பாத்திரத்துக்குக் குரல் கிடைக்கிறது. தனியாக ஆடும் சாகசத்தில் நான் இந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொள்வேன்.

பலர் சேர்ந்து ஆடும் இடத்தில் நிலைமை தலைகீழ். நெவர்வின்டர் நைட்ஸ் சர்வர்களில் டன்ஜன் மாஸ்டர் தனி மென்பொருள் வழியாக உள்ளே வரலாம், யார் கண்ணிலும் படாமல் உலாவலாம், நினைத்த பாத்திரத்துக்குள் புகுந்து அதன் வாயால் பேசலாம். அங்கே பேச்சு இலவசம், ஏனென்றால் எதிரில் இருப்பது மனிதர். விளையாட்டின் சர்வர் பட்டியலிலேயே 'ஆக்‌ஷன்', 'ரோல்பிளே' என்று தனித்தனி வகைகள் இருந்தன. எப்போதும் இயங்கும் நிலையான உலகங்களும் ஆக்‌ஷன், கதை என்று பிரிந்து நின்றன. ஆனால் ரோல்பிளே சர்வர்களுக்கும் பழைய நோய் வேறு வாசல் வழியாக வந்தது. காட்டுக்குள் போய் நாள் முழுக்கப் பூதம் வெட்டியவர் லெவலில் உயர்ந்தார், விடுதியில் உட்கார்ந்து பாத்திரத்தை வாழ்ந்தவர் அப்படியே இருந்தார். ஒரு நாள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தால் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இதைச் சமாளிக்கச் சில சர்வர்கள் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நேரக்கணக்கில் எக்ஸ்பி சொட்டுச் சொட்டாகக் கொடுத்தன, சில உச்ச லெவலைத் தாழ்த்தி எல்லோரையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வைத்தன. எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை. பேசுவதற்கே புள்ளி என்றால் சும்மா பேசுபவர்கள் பெருகிவிடுகிறார்கள்.

வசனம் அதிகம் எழுதாமலே ரோல்பிளேயை வரவழைக்கும் வழியும் இருக்கிறது: சண்டைக்கு ஒரு விலை வைப்பது. 1998இல் வந்த 'தீஃப்: தி டார்க் புராஜெக்ட்' விளையாட்டின் உச்சக் கடினத்தில் மனிதர்களைக் கொல்லக் கூடாது என்பதே நிபந்தனை. ரசிகர்கள் அதற்குக் கட்டிய மிஷன்கள் பலவும் அதே மரபை எடுத்துக்கொண்டன. திருடன் திருடனாகவே இருக்கிறான், ஒரு வசனமும் இல்லாமல். 2015இல் 'ஸ்கைரிம்' என்ற விளையாட்டுக்கு வந்த 'தி ஃபர்காட்டன் சிட்டி' மோட் (ரசிகர் கட்டிய சேர்க்கை) இதை இன்னும் கூர்மையாக்கியது. பூமிக்கடியில் ஒரு நகரம்; அங்கே யாராவது ஒருவர் சட்டத்தை மீறினால் அத்தனை பேரும் சாவார்கள். டிராகனை வீழ்த்திய நாயகர் அங்கே வாளை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். அந்த ஒற்றை விதியால் ஒவ்வொரு உரையாடலுக்கும் கனம் வந்துவிட்டது. 2016இல் அந்த மோடின் எழுத்துக்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது, 2021இல் அது தனி விளையாட்டாகவே வெளிவந்தது.

இதையெல்லாம் வைத்து, சண்டையைக் குறைப்பதுதான் தீர்வு என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறு. 'ஸ்வார்ட்ஃபிளைட்' வரிசை மாட்யூல்கள் கடுமையான சண்டைக்குப் பேர்போனவை. அங்கே ஒரு மருந்துப் புட்டியை வீணாக்கினால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நெருக்கடியில், காயம்பட்ட கூட்டாளிக்குக் கடைசிப் புட்டியைக் கொடுப்பதா, நானே குடிப்பதா என்று யோசிக்கும் கணம் பாத்திரத்தைப் பற்றி எந்த வசனத்தையும்விட அதிகம் சொல்லும். அறைக்கு மூன்று எலும்புக்கூடு என்று நிரப்புவதால் அது கிடைக்காது.

சண்டையும் பேச்சும் ஒரே காட்சிக்குள் சந்திக்கும் இடம் எதிரி சரணடைவது. கேட்க எளிது, கட்ட மகா கடினம். உயிர் கால்வாசிக்குக் குறைந்தவுடன் காப்ளின் தலைவன் ஆயுதத்தைப் போட்டுக் கெஞ்ச வேண்டும். ஆனால் நாயகரின் வாள் ஏற்கெனவே பாதி வழியில் வந்துகொண்டிருக்கும். கூட வரும் வீரருக்கு இரக்கம் தெரியாது, எதிரி அணி என்றால் வெட்டுவார். முன்பே வீசிய அமிலம் இன்னும் எரித்துக்கொண்டிருக்கும். ஆகவே அந்தத் தலைவனுக்கு உயிர் ஒன்றுக்குக் கீழே இறங்காதபடி முன்கூட்டியே சாகாவரம் கொடுக்க வேண்டும். அடிபடும் ஒவ்வொரு முறையும் உயிரைச் சோதித்து, எல்லை தாண்டியதும் சுற்றியுள்ள எல்லோருடைய நடப்புச் செயல்களையும் ரத்து செய்ய வேண்டும். அணியை மாற்றி, அதன் பிறகே உரையாடலைத் தொடங்க வேண்டும். உரையாடலில் நாயகர் கொல்வது என்று முடிவெடுத்தால் சாகாவரத்தைத் திரும்பப் பெற வேண்டும். மறந்தால் சாகாத காப்ளினோடு விடிய விடிய சண்டை. இத்தனையும் சரியாக அமைந்து, விளையாடுபவர் "போ" என்று விட்டுவிட்ட அந்தக் காப்ளின் இரண்டு அத்தியாயம் கழித்து வேறொரு பாலத்தில் வழிவிட்டு நின்றால், அந்த மாட்யூலை யாரும் மறப்பதில்லை.

இன்று இந்த உழைப்பு இன்னும் கூடியிருக்கிறது. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் வசனங்கள் நடிகர்களின் குரலோடும் முகபாவத்தோடும் வருகின்றன. 2024 செப்டம்பரில் அதிகாரபூர்வ மோட் கருவி வெளியானபோது புதிய நிலப்பரப்பு கட்டும் பகுதி பூட்டியிருந்தது, ரசிகர்கள் அதைச் சில நாட்களிலேயே திறந்துவிட்டார்கள். நிலம் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே புதிதாக ஒரு காவலாளியை நிறுத்திப் பேச வைப்பவர், குரலுக்கும் முகத்துக்கும் எங்கே போவார்? புதிய நெவர்வின்டர் மாட்யூல்கள் இன்றும் வருவதற்கு அதில் எழுத்து மட்டும் போதும் என்பது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சாகசம் கட்டுபவர்கள் வெளியிடும் முன் மூன்று பாத்திரங்களோடு முழுவதும் ஆடிப் பார்க்கலாம்: பலசாலியான முட்டாள், நாவன்மை மிக்க கோழை, யார் கண்ணிலும் படாத திருடன். மூவரும் பாலத்தைக் கடக்க வேண்டும், மூவருக்கும் எக்ஸ்பி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஊர் திரும்பும்போது காவலாளி மூவரையும் மூன்று விதமாக வரவேற்க வேண்டும். நேரம் போதவில்லை, எதையாவது வெட்டியாக வேண்டும் என்றால் இடையில் நிரப்பிய எலும்புக்கூடுகளை முதலில் வெட்டுங்கள். காவலாளியின் இரண்டாவது சந்திப்பைக் கடைசிவரை காப்பாற்றுங்கள்.